உடற்குறை உயிர்க்குறை ஆகுமோ?



உடலில் ஒரு குறை நேர்ந்தவர் உள்ளம் தளராது வாழ்வது எங்ஙனம்? அவர்பால் நாம் நடந்துகொள்ள வேண்டிய முறை யாது? இவ்விரண்டையும் ஆகமத்தின் ஒளியில் இவ்விதழில் சிந்திப்போம். இது எவரோ சிலருக்கு மட்டும் உரிய பொருள் எனக் கருதி ஏட்டைப் புரட்டிவிட வேண்டா. பிறவியிலேயே குறையுடையோர் சிலர். நோயாலும் விபத்தாலும் குறை எய்தியோர் சிலர். மூப்பினால் கண்ணும் காதும் காலும் ஒவ்வொன்றாய்க் கைவிட, அந்நிலையை நோக்கிச் சென்றுகொண்டிருப்போர் நாம் அனைவரும்.

நாம் செய்த பிழை

முதற்கண் நம் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். 1994ஆம் ஆண்டு தசலக்ஷண பர்வ நாட்களில், வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் ஜினாலயத்தில் நாம் அறவுரை நிகழ்த்தினோம். அன்றைய பொருள் கருமக் கொள்கை. உரை முடிந்ததும், இளம்பிள்ளை வாதத்தால் இடக்கால் சூம்பிய இளைஞர் ஒருவர், முழங்காலின் மேல் கையை ஊன்றியவாறு எழுந்து நின்றார். அவர் அவ்வூர்த் தையற்காரர். “ஐயா, என் கால் இப்படி ஆனதற்குக் காரணம் என்ன?” என்று பணிவுடன் வினவினார்.

நாம் சிறிதும் தயங்கவில்லை. “தம்பி, முற்பிறவியில் ஏதோ ஓர் உயிரின் காலை நீ முறித்திருப்பாய். அதன் பயனை இப்போது அனுபவிக்கின்றாய்” என்றோம். சபையில் இருந்தோர் தலையசைத்தனர். அவர் ஒன்றும் கூறாமல் அமர்ந்தார். மறுநாள் முதல் அவர் வரவில்லை. அதனையும் நாம் பொருட்படுத்தவில்லை.

2011ஆம் ஆண்டில், சர்க்கரை நோயினால் நம் வலக்கால் விரலில் தோன்றிய புண் ஆறாது பரவ, முழங்காலுக்குக் கீழே காலை அகற்ற நேர்ந்தது. பார்க்க வந்தோர் பலர். அவர்களுள் ஒருவர், நம் கட்டிலருகே அமர்ந்து, “எத்தனை ஆண்டுகள் அறம் உரைத்தீர்கள்! உங்களுக்கே இப்படி என்றால், முன்பு என்ன பாவம் செய்தீர்களோ!” என்று பெருமூச்செறிந்தார். அவர் தீய எண்ணத்துடன் கூறவில்லை. ஆயினும் மருத்துவரின் கத்தி செய்யாத புண்ணை அச்சொல் செய்தது. அன்றிரவு நமக்கு நினைவில் வந்தவர், பதினேழு ஆண்டுகட்கு முன் எழுந்து நின்ற அந்தத் தையற்காரரே.

வினைநூல் கூறுவது யாது?

உடலின் அமைப்பு நாம கருமத்தாலும், இன்ப துன்ப நுகர்ச்சி வேதநீய கருமத்தாலும் அமைகின்றன என்பது நம் ஆகமத் துணிபு. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவ்வாகமம் அத்துடன் நின்றுவிடவில்லை.

கருமங்கள் எட்டு. அவற்றுள் ஞானாவரணீயம், தரிசனாவரணீயம், மோகநீயம், அந்தராயம் என்னும் நான்கும் காதி கருமங்கள். உயிரின் இயற்குணங்களை மறைத்துக் கெடுப்பவை. வேதநீயம், ஆயு, நாமம், கோத்திரம் என்னும் நான்கும் அகாதி கருமங்கள். உயிரின் குணங்களைக் கெடுக்கும் ஆற்றல் இல்லாதவை. கால் சூம்புதலும் கூன் விழுதலும் நாம கருமத்தைச் சார்ந்தவை. ஆகவே அவை உயிரின் அறிவையும் காட்சியையும் தீண்டுவதில்லை. சினமும் செருக்கும் மாயமும் உலோபமுமோ மோகநீயத்தைச் சார்ந்தவை, உயிரையே ஊனப்படுத்துபவை. நேராக நடக்கும் கால்களோடு ஒருவர் செருக்குற்றுத் திரிந்தால், அவ்விருவருள் ஊனமுற்றவர் யார்?

உடலின் வடிவம் ஆறு வகை என்பர்: சமசதுரஸ்ரம், நியக்ரோதம், சுவாதி, குப்ஜம், வாமனம், ஹுண்டம். குப்ஜம் கூனுடல், வாமனம் குறளுடல், ஹுண்டம் உறுப்புகள் பலவும் சீர்குலைந்த உடல். தீர்த்தங்கரர் திருமேனி சமசதுரஸ்ரமே. எனினும், ஆறு வடிவங்களின் உதயமும் பதின்மூன்றாம் குணஸ்தானமாகிய சயோக கேவலி நிலை வரை உண்டு என்று கோம்மடசாரத்தின் கரும காண்டம் கணக்கிடுகின்றது. இதன் பொருளை ஆழ்ந்து எண்ணுங்கள். கூனுடலிலும் குறளுடலிலும் சீர்குலைந்த உடலிலும் கேவல ஞானம் ஒளிரலாம்! அனைத்தையும் அறியும் அறிவுக்கே தடையாகாத உடல் வடிவம், ஒருவர் நம் பக்கத்தில் அமர்ந்து பூசை செய்வதற்கும், பள்ளியில் பயில்வதற்கும், இல்லறம் நடத்துவதற்கும் தடையாகுமோ?

எட்டங்கங்களுள் ஓர் அங்கம்

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் நிர்விசிகித்ஸை ஒன்று. வெறுப்பின்மை என்பது அதன் பொருள். உடல் இயல்பிலேயே தூய்மையற்றது. மும்மணிகளால் மட்டுமே அது தூய்மை பெறும். ஆதலால் உடலின் தோற்றம் கண்டு அருவருக்காது, குணத்தில் அன்பு வைத்தல் வேண்டும் என்று சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டகத்தில் விளக்குகின்றார். இவ்வங்கத்திற்கு எடுத்துக்காட்டாகப் போற்றப்படுபவர் உத்தாயன மன்னர். நோயுற்ற மேனியுடன் வந்த துறவிக்குச் சிறிதும் முகஞ்சுளிக்காமல் தம் கைகளாலேயே தொண்டு புரிந்தவர் அவர்.

நாம் விழாக்களில் உத்தாயனர் கதையைக் கேட்டு மகிழ்கின்றோம். ஆயின், கோணிய வாயும் நடுங்கும் கையும் உடைய பிள்ளையை விருந்தினர் கண்ணில் படாதவாறு உள்ளறையில் இருத்தும் இல்லங்கள் நம்மிடையே இல்லையா? மற்றப் பிள்ளைகளின் திருமணம் தடைப்படுமென்று, ஒரு பிள்ளை இருப்பதையே சொல்லாது மறைப்போர் இல்லையா? அங்கம் குறைந்த உடலைக் கண்டு வெறுப்பவரின் நற்காட்சியே அங்கம் குறைந்தது என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

நிமித்தம் என்னும் வாயில்

‘எல்லாம் முன்வினை, நம்மால் ஆவது யாதுமில்லை’ என்போர்க்கும் ஒரு சொல். வினை தனித்து நின்று பயனளிப்பதில்லை. திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் என்னும் நான்கையும் சார்ந்தே பயனளிக்கின்றது என்பது நம் நூற்கொள்கை. புறத்தே உள்ள நிமித்தம் மாறினால் பயனும் மாறும்.

இதற்கு நம் கண்முன்னே ஒரு சான்று உண்டு. இளம்பிள்ளை வாதத்தை விளைவிப்பது ஒரு நுண்கிருமி. நாடு முழுவதும் 1995 முதல் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து முகாம்கள் நடத்தப்பெற்றன. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் ஒரு குழந்தைக்குக் கண்டதே இந்நாட்டில் இயற்கையாகப் பரவும் போலியோக் கிருமியால் நேர்ந்த இறுதி நிகழ்வு. 2014 மார்ச்சில் உலக நலவாழ்வு நிறுவனம் இந்தியாவைப் போலியோ அற்ற நாடென அறிவித்தது. அதன் பின் பிறந்த குழந்தைகள் யாவரும் முற்பிறவியில் எவர் காலையும் முறிக்காதவர்களா? அல்லர். நோயின் நிமித்தம் விலக்கப்பட்டது. அதனால் கால்கள் காக்கப்பட்டன. 1994இல் நாம் அந்தத் தையற்காரருக்குக் கூறிய விடை எத்துணை அரைகுறையானது என்பது இதனால் விளங்கும். துன்பத்தின் நிமித்தங்களை விலக்குவது நம் கையில் உள்ளது. கையில் உள்ளதைச் செய்யாது வினையின்மேல் பழி போடுவது கருமக் கொள்கை ஆகாது, அது சோம்பலே.

அழுவதும் குற்றமோ?

இனி, குறையுற்றவர் தம் உள்ளத்தை நோக்குவோம். உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில், துன்புறுதல், சோகித்தல், உள்ளம் கொதித்தல், கதறுதல், வதைத்தல், பிறர் இரங்கும்படிப் புலம்புதல் ஆகியவற்றைத் தன்னிடத்தோ பிறரிடத்தோ இருவரிடத்துமோ விளைவிப்பது அசாதா வேதநீயம் வந்து சேர்வதற்குக் காரணம் என்கின்றார். பழைய கடனை அடைக்கும் நாளிலேயே புதிய கடன் வாங்குவது போன்றது துயரில் மூழ்கிக் கிடத்தல். வந்த வினையைச் சமநிலையோடு நுகர்ந்து கழித்தால் கடன் தீரும். கொதித்துக் கொதித்து நுகர்ந்தால் கடன் பெருகும். ‘பிறரிடத்தோ’ என்ற சொல்லையும் மறவாதீர். புண்படுத்தும் சொல்லால் பிறர் உள்ளத்தில் சோகத்தை எழுப்பியவரும் அதே கடனைத் தம் பெயரில் எழுதிக்கொள்கின்றார்.

அப்படியாயின் குறையுற்றவர் எப்போதும் புன்னகையோடு இருத்தல் வேண்டுமோ? அவ்வாறு ஆகமம் கூறவில்லை. வேதனையால் எழும் ஆர்த்த தியானம் ஆறாம் குணஸ்தானத்து முனிவருக்கும் எழக்கூடும் என்று அதே நூல் கூறுகின்றது. முனிவர்க்கே நேரக்கூடியது இல்லறத்தார்க்கு நேர்ந்தால் அதில் நாணுதற்கு யாதுமில்லை. கால் இழந்த முதல் மூன்று திங்கள் நாமும் அழுதோம். அழுகை வருவது இயல்பு. அதிலேயே குடியிருப்பதுதான் கேடு.

பூஜ்யபாதர் தம் சர்வார்த்தசித்தி உரையில் இவ்விடத்தில் ஓர் உவமை காட்டுகின்றார். கருணையுள்ள மருத்துவர் ஒருவர் துறவியின் கட்டியை அறுக்கின்றார். வலி உண்டாகின்றது, ஆயினும் அவர்க்குத் தீவினை இல்லை, ஏனெனில் உள்ளத்தில் பகையில்லை. நம் காலை அகற்றிய மருத்துவரை நினைக்கும்போதெல்லாம் இவ்வுவமை நினைவுக்கு வரும். ஒரு காலை எடுத்து உயிரைத் தந்தவர் அவர்.

இல்லாத காலின் வலி

காலை இழந்தோர் பலர் அறிந்த விந்தை ஒன்றுண்டு. அகற்றப்பட்ட காலின் விரல்கள் அரிக்கும். இல்லாத குதிகால் எரியும். நரம்பும் மூளையும் பழைய நினைவை விடாமையால் இது நேர்கின்றது என்று மருத்துவர் கூறினர். நள்ளிரவில் கையை நீட்டிச் சொறிய முற்பட்டு, வெறும் போர்வையைத் தொட்டு நாம் திகைத்ததுண்டு.

பன்னிரு சிந்தனைகளுள் அன்னியத்துவம் என்பதனைப் பல்லாண்டுகள் நாம் பிறர்க்கு உரைத்துள்ளோம். உடல் வேறு, உயிர் வேறு என்று நாவால் உரைப்பது எளிது. இல்லாத காலுக்காக உள்ளம் வருந்திய அவ்விரவில்தான் அதன் பொருள் விளங்கிற்று. கால் போய்விட்டது, ‘எனது’ என்னும் பற்றுப் போகவில்லை. காலை இழந்தும் அறிபவனாகிய ‘நான்’ ஓர் அணுவும் குறையாமல் அவ்விருளில் விழித்திருந்தேன் என்பதையும் அப்போதே கண்டோம். வலி அன்றோடு தீர்ந்துவிட்டது என்று பொய் கூற மாட்டோம். வலி வரும்போது அதனை அறிபவன் வேறு என்று எண்ணப் பழகினோம். அப்பழக்கம் துணை நிற்கின்றது.

கண்ணிழந்த பண்டிதர்

குஜராத்தில் சௌராட்டிரப் பகுதியின் லிம்லி என்னும் சிற்றூரில் 1880இல் பிறந்தவர் பண்டித சுக்லால் சங்க்வி. பதினாறாம் வயதில் பெரியம்மை அவர்தம் இரு கண்களின் ஒளியையும் பறித்தது. அந்நாளில் சிற்றூரில் கண்ணிழந்த இளைஞன் செய்யத்தக்கது யாதென எவரும் அறியார். அவ்வூருக்கு வந்து தங்கும் துறவியரிடம் அமர்ந்து கேட்கலானார். கேட்டதை மனத்திற் பதித்தார். வடமொழியும் பிராகிருதமும் செவி வழியாகவே வந்தன. 1904இல் காசிக்குச் சென்று இலக்கணமும் நியாயமும் பயின்றார்.

பின்னர் அகமதாபாத்தின் குஜராத் வித்யாபீடத்தில், பண்டித பேசர்தாஸ் தோஷியுடன் இணைந்து, சித்தசேன திவாகரரின் சன்மதி தர்க்கத்தைப் பல தொகுதிகளாகப் பதிப்பித்தார். சுவடிகளைப் பிறர் வாசிக்கச் செவியால் கேட்டு, பாட வேறுபாடுகளை உள்ளத்தில் நிறுத்தி முடிவு கூற வேண்டிய பணி அது. கண்ணுடையோர்க்கே அரியது. தத்துவார்த்த சூத்திரத்திற்கு அவர் குஜராத்தியில் எழுதிய விளக்கம் பெரிதும் போற்றப்படுவது. காசி இந்துப் பல்கலைக் கழகத்தில் 1933 முதல் 1944 வரை சமண தத்துவப் பேராசிரியராய் விளங்கினார். 1974இல் பத்மபூஷண் விருது பெற்று, 1978இல் தம் தொண்ணூற்றேழாம் வயதில் மறைந்தார்.

அவர் சுவேதாம்பர மரபினர். தமிழ்ச் சமணராகிய நாம் திகம்பர மரபினர். அறிவைப் போற்றுதற்கு அவ்வேறுபாடு தடையன்று. அவர் வாழ்வில் நாம் காண வேண்டியது மற்றொன்றும் உண்டு. அவர் தனியே எழுந்துவிடவில்லை. முதலில் ஓதிய துறவியர், இடம் தந்த பாடசாலை, நாள்தோறும் அருகிருந்து வாசித்தோர், உடன் பணிபுரிந்த நண்பர் என எத்துணையோ பேர் அவர்க்குக் கண்ணாய் நின்றனர். குறையுற்றவரின் மனவுறுதியைப் புகழ்ந்து கைதட்டிவிட்டு, அருகிருந்து வாசிக்க வராத சமுதாயத்தில் பண்டிதர்கள் தோன்றார்.

ஜெயப்பூர்க் கால்

1968ஆம் ஆண்டு ராஜஸ்தான் மாநிலம் ஜெயப்பூரில், கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் இணைந்து ரப்பரால் ஒரு செயற்கைப் பாதத்தை உருவாக்கினர். அயல்நாட்டுச் செயற்கைக் கால்கள் காலணிக்குள் நுழைந்து நடப்போர்க்கு ஏற்றவை. நம் மக்களோ வெறுங்காலுடன் கோயில் செல்வோர். தரையில் சம்மணமிட்டு உண்போர். சேற்று வயலில் இறங்குவோர். அவர்க்கேற்ற பாதம் இது.

அதனை ஏழை எளியோர்க்கு விலையின்றி வழங்க, பகவான் மகாவீரர் நிர்வாணம் எய்திய 2500ஆம் ஆண்டு விழாவையொட்டி, 1975இல் பகவான் மகாவீர் விகலாங்க சகாயதா சமிதி நிறுவப்பெற்றது. அதன் நிறுவனர் டி. ஆர். மேத்தா, 1969இல் ஒரு விபத்தில் கால் நொறுங்கி, அதனை இழக்கும் நிலை வரை சென்று மீண்டவர். தாம் பெற்ற சிகிச்சை எளியோர்க்குக் கிடைக்குமா என்னும் எண்ணமே பின்னர் அறப்பணியாயிற்று. நாடகத்திலும் திரையிலும் அறியப்பட்ட நடனமணி சுதா சந்திரன், 1981இல் திருச்சிக்கருகே நேர்ந்த விபத்தின் விளைவாய்க் காலை இழந்து, 1984இல் மீண்டும் மேடையேறி ஆடியதும் ஜெயப்பூர்க் கால் கொண்டே. மகாவீரர் பெயரால் தேரிழுத்தல் நன்று. அவர் பெயரால் ஒருவரை நடக்கச் செய்தல் அதனினும் நன்று.

தையற்காரர் கற்பித்த பாடம்

நாமும் ஒரு முகாமில் அத்தகைய கால் பெற்றோம். பெற்ற பின்னும் நம் வீட்டுத் திண்ணையின் மூன்று படிகளைக் கண்டு அஞ்சி, உள்ளேயே கிடந்தோம். அந்நாளில் ஒரு மாலை, அந்தத் தையற்காரர் ஊன்றுகோலுடன் நம் இல்லம் தேடி வந்தார். தலைமயிர் நரைத்திருந்தது. நலம் உசாவிய பின், “ஐயா, படியேறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது குறையுள்ள காலை முதலில் இறக்குங்கள். மாற்றினால் விழுந்துவிடுவீர்கள்” என்று கூறி, தாமே ஏறியும் இறங்கியும் காட்டினார். அன்று மாலையே நாம் தெருவில் இறங்கி நின்றோம்.

அவ்வாண்டு தசலக்ஷண நிறைவில், மன்னிப்பு வேண்டும் நாளன்று, நாம் அவர் கடைக்குச் சென்று, முன்பு சபையில் உரைத்த சொல்லுக்காகப் பொறுத்தருள வேண்டினோம். அவர் தைப்பதை நிறுத்தினார். “ஐயா, நீங்கள் சொன்னது பொய் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு எனக்கு ஒரு படி ஏற முடியவில்லை” என்றார். பின்னர், “உட்காருங்கள், தேநீர் வரச் சொல்கிறேன்” என்று நாற்காலியை நகர்த்தினார்.

அன்பர்களே! ஐம்பதாண்டுகள் நூல் ஓதியும் நமக்குக் கிட்டாத விளக்கம் அது. கருமக் கொள்கை ஒருவர் தம்மைத் தாமே ஆராய்ந்து திருந்துதற்கு அருளப்பட்டது. பிறர் தலையில் எறிதற்கு அன்று. நம் துன்பத்திற்கு நாம் வினையைக் காரணமாகக் கொண்டால் பொறுமை பிறக்கும். பிறர் துன்பத்திற்கு அதனையே கூறி அமைந்தால் கல்நெஞ்சம் பிறக்கும். பிறர் துன்பத்தின் முன் சாவகர்க்கு உரியது கருணை ஒன்றே.

நாம் செய்ய வேண்டுவன

உணவு, மருந்து, நூல், அபயம் எனத் தானம் நான்கு என்பர். செயற்கைக் காலும் சக்கர நாற்காலியும் வழங்குதல் மருந்துத் தானத்தின்பாற்படும். கண்ணிழந்தவர்க்கு நாள்தோறும் அரைமணி நேரம் நூல் வாசித்தல் நூல் தானமாகும். ‘என்ன பாவமோ’ என்னும் சொல்லை நாவினின்றும் நீக்கி, அவர் அஞ்சாது நம்மிடையே வந்து அமரச் செய்தல் அபய தானமாகும்.

நம் ஜினாலயங்களின் வாயிற்படிகளுக்கருகே கைப்பிடிக் கம்பியும் ஒரு சாய்தளமும் அமைத்தல் பெருஞ்செலவு அன்று. தரையில் அமர இயலாதோர்க்கு மண்டபத்தில் நான்கு நாற்காலிகள் இடலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது. அரசுப் பணியில் நூற்றுக்கு 4 இடங்களை ஒதுக்குகின்றது. இவற்றை அறியாத குடும்பங்களுக்கு எடுத்துரைத்து, சான்றிதழ் பெற உடன் செல்லும் இளைஞர் ஊருக்கு ஒருவர் போதும்.

குறையுற்ற அன்பர்களுக்கு ஒரு சொல். அந்தத் தையற்காரர் கூறிய முறையே வாழ்வுக்கும் பொருந்தும். ஏறும்போது நல்ல காலை முன் வையுங்கள். உங்களிடம் உள்ள அறிவும் கைத்திறனும் அன்பும் பொறுமையும் முன் செல்லட்டும். குறை பின்னால் வரட்டும். விழ நேர்ந்தால் பற்றிக்கொள்ள ஒரு கை வேண்டுவதில் இழிவில்லை. உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவுதலே அவற்றின் இயல்பு என்பதும் தத்துவார்த்த சூத்திரம் கூறுவதே.

குந்தகுந்தப் பெருமானின் திருவடிகள் விளங்கும் பொன்னூர் மலைக்குச் சென்ற ஆண்டு சென்றோம். பாதிப் படிகளுக்கு மேல் ஏற இயலவில்லை. அங்கேயே அமர்ந்து மலையுச்சியை நோக்கிக் கை கூப்பினோம். உடன் வந்த சிறுவன் ஒருவன் மேலே சென்று வணங்கித் திரும்பி, நம்மருகே அமர்ந்து, கண்டதையெல்லாம் சொன்னான். நாம் கேட்டுக்கொண்டிருந்தோம். மனம் நிறைவாய் இருந்தது.

எல்லா உயிர்களும் துன்பம் நீங்கி வாழ்க! ஜினதர்மம் வளர்க!